கொழும்பில் முதல் பிள்ளை: கிளினிக் கார்ட் முதல் பிறப்புப் பத்திரம் வரை

மகனுக்கு அன்றைக்கு 39 நாள். வெள்ளிக்கிழமை. வெள்ளவத்தை அனெக்ஸில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருந்தேன். பிறப்புப் பதியப் போன இவர் அங்கிருந்து கோல் எடுத்தார்.

"அப்பா பிறந்த வருஷம் என்ன?"

"என்ர அப்பாவா?"

"இல்லை, என்ர அப்பா. பிள்ளையின்ர அப்பப்பா. பிறந்த இடமும் வேணுமாம்."

மாமா இறந்து ஏழு வருஷம். அவருடைய பிறப்புப் பத்திரம் இடம்பெயர்வில் எங்கே விழுந்ததோ, யாருக்குத் தெரியும்? அடுத்த இரண்டு நாளும் சனி, ஞாயிறு. பிறப்பைப் பதியக் கடைசி நாளான 42ஆவது நாள் திங்கள், போயா விடுமுறை. ஆக, எங்களுக்கு மிச்சம் இருந்தது அந்தப் பகல் மட்டும்தான்.

உங்களுக்கு அப்படி ஒரு வெள்ளிக்கிழமை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். கொழும்பில் பிள்ளைப்பேறு அரசாங்கத்தில் இலவசம், பெரும்பாலும் நன்றாகவும் நடக்கும். ஆனால் எல்லாம் விலாசத்தையும் பேப்பரையும் பிடித்துத்தான் நகரும். ஊரில் விதானையாருக்கும் மிட்வைஃபுக்கும் எங்கள் பாட்டியைக் கூடத் தெரியும். இங்கே மேல்மாடியில் இருப்பவரின் பெயரே எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று எங்கிருந்தோ வந்து கொழும்பில் வாடகைக்கு இருப்பவர்களுக்குத்தான் இது அதிகம் உதவும்.

1. எட்டு வாரத்துக்குள் கார்ட் போடுங்கள்

வீட்டில் சோதித்து இரண்டு கோடு வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது ஒரு ஸ்பெஷலிஸ்ட் டொக்டரைச் சனல் பண்ணுவது, அதாவது தனியாரில் காசு கட்டி நேரம் எடுத்துக் காட்டுவது. பண்ணுங்கள். ஆனால் அதே கிழமையில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரையும் கண்டுபிடியுங்கள். எல்லோரும் மிட்வைஃப் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டு வாரத்துக்கு முன் பதிந்தால் நல்லது. அவர் தரும் கர்ப்பிணிக் கார்ட்தான் இனி உங்கள் அடையாள அட்டை மாதிரி. எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் முதல் கேள்வி "கார்ட் எங்கே?"

எந்தக் கிளினிக் என்பதை நீங்கள் தெரிவு செய்ய முடியாது, வீட்டு விலாசம்தான் தீர்மானிக்கும். கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் என்றால் மாநகர சபையின் தாய் சேய் நல நிலையம். தெஹிவளை, களுபோவிலப் பக்கம் என்றால் அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, எம்.ஓ.எச். ஒபிஸ் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். நான் முதல் நாள் போனது நடக்கிற தூரத்தில் இருந்த கிளினிக்குக்கு. ஒன்றரை மணித்தியாலம் இருந்த பிறகுதான், எங்கள் ஒழுங்கை அவர்களுடைய பிரிவில் இல்லை என்றார்கள். போகுமுன் வீட்டுச் சொந்தக்காரரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் அதே ஒழுங்கையில் சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் கேளுங்கள். அவர்களுக்கு மிஸ்ஸின் போன் நம்பரே தெரிந்திருக்கும்.

கொண்டு போக வேண்டியவை: இருவரின் ஐடி, விவாகப் பத்திரத்தின் கொப்பி, கடைசி மாதவிடாய் வந்த திகதி, இருந்தால் உங்கள் சின்ன வயதுத் தடுப்பூசிக் கார்ட். ஐடியில் ஊர் விலாசம் இருந்தால் பயப்பட வேண்டாம். இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதுதான் அவருக்கு வேண்டும், ஏனென்றால் பிள்ளை பிறந்த பிறகு அவர் தேடி வரப்போவது அந்த வீட்டுக்கு.

இதில் எங்கள் ஆட்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. முதல் பிள்ளைக்குத் தாய்வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். கொழும்பில் கார்ட் போட்டுவிட்டு ஏழாம் மாதம் ஊருக்குப் போவதாக இருந்தால் இரண்டு மிஸ்மாருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாமல் போனால் இங்கே உங்கள் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார், அங்கே யாருக்கும் உங்களைத் தெரியாது.

2. சனலிங்கா, கிளினிக்கா? இரண்டும்தான்

அரசாங்கத்தில் பெறுவதாக இருந்தால் கொழும்பில் பெரியவை பொரளைப் பக்கத்துக் காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, டி சொய்சா மகளிர் வைத்தியசாலை. தெற்கே இருப்பவர்களுக்குக் களுபோவில ஆஸ்பத்திரியும் உண்டு. பலர் செய்வது இதுதான்: அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு ஸ்பெஷலிஸ்ட்டைப் பின்னேரத்தில் தனியாரில் சனல் பண்ணிக் காட்டி, பிள்ளையை அவருடைய வார்டில் பெறுவது. நாங்களும் அப்படித்தான் செய்தோம். ஆஸ்பத்திரியில் பில் என்று ஒன்றும் இல்லை. எங்கள் செலவில் பாதிக்கு மேல் போனது சனல் காசுக்கும் தனியார் லாபுக்கும்.

அந்தச் செலவிலும் ஒரு பங்கு வீண். கிளினிக்கில் இலவசமாக எடுத்த இரத்தச் சோதனையையே வெளியிலும் எடுத்தேன், ரிப்போர்ட்டைக் காட்டாமல் விட்டதால். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் அன்றைக்கே கார்டில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். சனல் பண்ணும் டொக்டரிடமும் அதே கார்டைக் கொடுங்கள். இரண்டு இடத்தில் இரண்டு கொப்பி வைத்தால் லேபர் ரூமில் ஒன்றும் உதவாது.

தனியார் ஆஸ்பத்திரி என்றால் 'பக்கேஜ்' விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். நோர்மல் டெலிவரிக்கு வந்து சீசரில் முடிந்தால் எவ்வளவு, பிள்ளை டொக்டரின் காசு உள்ளேயா வெளியேயா, பிள்ளையைத் தனியே கண்காணிப்பில் வைத்தால் நாளுக்கு எவ்வளவு, முதுகில் போடும் வலி ஊசிக்கு வேறு பில்லா, ஒரு நாள் கூடினால் என்ன ஆகும். இந்த ஐந்தையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். என் சிநேகிதி ஒருத்தியின் பில் பேசிய தொகையைத் தாண்டியது பிள்ளையைக் கண்காணிப்பில் வைத்த நாட்களால்தான்.

3. எப்போது எது

11 முதல் 13 வாரத்துக்குள் திகதி பார்க்கும் ஸ்கேன். அப்போது கணித்த திகதிதான் கடைசி வரை நம்பத்தக்கது. 18 முதல் 22 வாரத்துக்குள் பிள்ளையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன். இதைத் தவற விடாதீர்கள், முன்கூட்டியே புக் பண்ணுங்கள். 24 முதல் 28 வாரத்துக்குள் சீனிச் சோதனை. பதிந்ததும் ஹீமோகுளோபின், இரத்த வகை, விடிஆர்எல் (சிபிலிஸ் என்ற பாலியல் நோய்க்கான சோதனை), எச்ஐவி எல்லாம் எடுப்பார்கள். அது எல்லோருக்கும் எடுப்பதுதான், உங்கள் மேல் சந்தேகப்பட்டு இல்லை. உங்கள் இரத்த வகை நெகட்டிவ் என்றால் கார்டின் முன்பக்கத்தில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். பிள்ளை பொசிட்டிவாக இருந்தால், பிறந்து 72 மணித்தியாலத்துக்குள் உங்களுக்கு அன்ட்டி-டி ஊசி போட வேண்டும்.

கிளினிக்கில் இரும்புக் குளிசையும் கல்சியமும் தருவார்கள். இரண்டையும் ஒன்றாக விழுங்காதீர்கள். இரும்புக் குளிசைக்கு மேலே தேத்தண்ணீரும் குடிக்காதீர்கள், இரும்பு உடம்பில் சேராது. எனக்கு இது தெரிய வந்தது ஆறாம் மாதத்தில். அது வரைக்கும் காலையில் பிளேன்டீயோடுதான் விழுங்கினேன். ஹீமோகுளோபின் ஏன் ஏறவில்லை என்று மிஸ் தலையைச் சொறிந்துகொண்டிருந்தா.

திரிபோஷா என்ற சத்துமா பக்கட்டும், கர்ப்பிணிகளுக்கான போஷாக்குக் கொடுப்பனவும் கிளினிக் வழியாகத்தான். வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள். திரிபோஷாவை நெய்யில் வறுத்துத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டு உருண்டை பிடித்தால் நல்ல ருசி.

4. வேலை இடத்துக்குக் கடிதம்

கடைகள், அலுவலகங்கள் சட்டத்துக்குள் வரும் வேலை என்றால் பிரசவ விடுமுறை 84 நாள். வார விடுமுறையும் போயாவும் சட்டப்படியான விடுமுறை நாட்களும் இந்த 84க்குள் எண்ணப்படாது. ஆகவே கலண்டரில் பார்த்தால் நான்கு மாதத்துக்குக் கிட்ட வரும். எச்.ஆர். உங்களுக்கு 12 கிழமை என்று எழுதித் தந்தால், எந்தச் சட்டத்தின் கீழ் கணக்குப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். முதல் பிள்ளைக்கும் மூன்றாம் பிள்ளைக்கும் இப்போது வித்தியாசம் இல்லை, 2018இல் திருத்தினார்கள்.

தகப்பன்மாருக்கு அரசாங்க வேலையில் 3 நாள். தனியாரில் கம்பனி மனம் வைத்தால்தான். இவர் வருஷ லீவில் பத்து நாளைச் சேர்த்து வைத்திருந்தார். அதில் நான்கு நாள் வரிசையில் நிற்கவே போய்விட்டது.

5. ஏழாம் மாதத்தில் ஒரு ஃபைல்

கட்டிலுக்குக் கீழே ஒரு ஃபைல் வையுங்கள். உள்ளே இருக்க வேண்டியவை:

இருவரின் பிறப்புப் பத்திரங்களும் ஐடிகளும், மூலமும் மூன்று மூன்று கொப்பியும். விவாகப் பத்திரம், மூலமும் கொப்பியும். கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டும் பதிவு செய்யாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். அப்படி என்றால் இப்போதே பதியுங்கள். விவாகம் பதியாவிட்டால், தகப்பன் பெயரைப் பிள்ளையின் பத்திரத்தில் போட இருவரும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்து வைக்க வேண்டி வரும்.

அடுத்தது, எங்களைக் கவிழ்த்த அப்பப்பா. பிறப்புப் பத்திரத்தில் தாய் தகப்பனுக்குக் கூடுகள் இருப்பது போல, பாட்டன் இலங்கையில் பிறந்தவர் என்றால் அவருடைய பெயர், பிறந்த வருஷம், பிறந்த இடம் எழுதவும் ஒரு கூடு இருக்கிறது. பாட்டனின் பத்திரம் தொலைந்துவிட்டது என்றால் கலங்க வேண்டாம். தகப்பனுடைய பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் 'தந்தை' என்ற கூட்டில் எழுதியிருப்பவர்தான் உங்கள் பிள்ளைக்குப் பாட்டன். முழுப்பெயர், பிறந்த திகதி, இடம் எல்லாம் அங்கேயே இருக்கும். அந்த வெள்ளிக்கிழமை இவருடைய கையில் இருந்தது அவருடைய ஐடி மட்டும்தான். பத்திரம் கிளிநொச்சி வீட்டு அலுமாரியில். மச்சாள் பள்ளிக்கூடத்தில் இருந்து அரைநாள் லீவு போட்டு வந்து, படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினா. படம் வந்தது பகல் ஒன்றே முக்காலுக்கு.

பேப்பர்களுக்கு இடையில் பெயர்கள் பொருந்துகின்றனவா என்றும் இப்போதே பாருங்கள். ஐடியில் 'சிவகுமார்', விவாகப் பத்திரத்தில் 'சிவக்குமார்' என்று இருந்தால், பதிவாளர் எதைப் பார்த்து எழுதுகிறாரோ அதுதான் பிள்ளையின் பத்திரத்தில் போகும். எது வேண்டும் என்பதை நீங்கள் முதலே முடிவு செய்து, அந்தப் பேப்பரை மேலே வைத்துக் கொடுங்கள்.

6. பெயர்: எழுத்துக்கூட்டு வரைக்கும்

அம்மம்மா சாத்திரியாரிடம் எழுத்துக் கேட்பா, அப்பம்மா குலதெய்வத்தின் பெயரைச் சொல்லுவா. அந்தச் சண்டைக்குள் நான் வரவில்லை. முடிந்த பிறகு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

பெயர் 'அகரன்' என்று வைத்துக்கொள்வோம். தமிழில் ஒரே 'க'. வாயால் சொல்லும்போது அது 'ஹ' மாதிரி வரும். சிங்களத்தில் இந்த ஒலிகளுக்கு வெவ்வேறு எழுத்து. வாயால் சொன்னால், சிங்களத்தில் எழுதுபவர் கேட்டபடி 'அஹரன்' என்று எழுதுவார். ஆங்கிலத்தில் ஒருவர் 'கே' போடுவார், ஒருவர் 'ஜி', ஒருவர் 'எச்'. பிறகு பள்ளிக்கூடத்தில் ஒன்று, பாஸ்போட்டில் ஒன்று. 'ழ' இருக்கும் பெயர் என்றால் இன்னும் பாடு. சிங்களத்தில் அந்த எழுத்தே இல்லை, யாழினி யாலினி ஆகிவிடுவாள்.

ஆகவே ஒரு வெள்ளைத் தாளில் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதி, ஃபைலில் முதல் தாளாக வையுங்கள். தமிழில் பதியலாம், அது உங்கள் உரிமை. கொழும்பில் கேட்காவிட்டால் சிங்களத்தில் போய்விடக்கூடும், ஆகவே முதலிலேயே "தமிழில் பதியுங்கள்" என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, தகப்பன் பெயர். எங்களில் தகப்பன் பெயர் முன்னால், பிள்ளையின் பெயர் பின்னால். சிலர் பிள்ளையின் பெயரை மட்டும் பதிகிறார்கள். சிலர் 'எஸ்.' என்று இனிஷியலோடு பதிகிறார்கள். இரண்டும் வேண்டாம். இனிஷியல் எதன் சுருக்கம் என்று பிறகு ஒவ்வொரு படிவத்திலும் விளங்கப்படுத்த வேண்டி வரும். தகப்பன் பெயர் முழுதாக, பிறகு பிள்ளையின் பெயர்.

இன்னும் முடிவாகவில்லை என்றால் பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டு, பெயரைப் பிறகு சேர்க்கவும் வழி இருக்கிறது. ஆனால் அது இன்னொரு விண்ணப்பம், இன்னொரு அலைச்சல்.

7. பையும் பாதையும்

36ஆம் வாரத்துக்குள் இரண்டு பை. சின்னது லேபர் ரூமுக்கு, பெரியது வார்டுக்கு. அரசாங்க வார்டில் உங்களுக்கு வேண்டிய எல்லாம் நீங்கள்தான் கொண்டு போக வேண்டும்: முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டி, பெட்ஷீட், பெரிய சனிட்டரி பாட், செருப்பு, கோப்பை, தட்டு, சுடுதண்ணிப் போத்தல், சவர்க்காரம், துவாய். பிள்ளைக்குத் துவைத்து வெயிலில் காயவைத்த சீலை நெப்பி ஒரு டசின், சட்டை, தொப்பி, போர்வை. நீளமான வயரோடு போன் சார்ஜர். நகையைக் கழற்றி வீட்டில் வையுங்கள். தாலிக்கொடி கழற்றுவது அம்மாவுக்கு ஒத்து வராது, அதை வீட்டிலேயே பேசி முடியுங்கள். லேபர் ரூம் வாசலில் அந்த வாக்குவாதம் வேண்டாம்.

இரவில் எந்த வழி என்று இவர் ஒரு தடவை ஓட்டோவில் போய்ப் பார்த்து வைத்தார். வலியோடு காலி வீதி டிராபிக்கில் மாட்டினால் ஐந்து நிமிஷமும் ஒரு யுகம். அவசரம் என்றால் 1990, சுவ செரிய அம்புலன்ஸ், காசு இல்லை. பன்னீர்க்குடம் உடைந்தால், இரத்தம் பட்டால், பிள்ளையின் துடிப்புக் குறைந்தால் வலிக்காகக் காத்திருக்காமல் புறப்படுங்கள்.

சிங்களம் தெரியாதவர்கள் இந்த நான்கையும் மனப்பாடம் பண்ணுங்கள். "ரிதெனவா", வலிக்கிறது. "லே யனவா", இரத்தம் போகிறது. "பபா ஹெலவென்னே நே", பிள்ளை அசையவில்லை. "பபா கிரி பொன்னே நே", பிள்ளை பால் குடிக்கவில்லை. வார்டில் தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவராவது அநேகமாக இருப்பார். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அவர்தான் டியூட்டியில் இருப்பார் என்று யார் சொன்னது?

8. வார்டை விட்டு வெளியே வர முன்

டிக்கட் வெட்டி வீட்டுக்குப் போகச் சொன்னார்கள் என்றதும் ஓடி வராதீர்கள். நோர்மல் என்றால் ஒரு நாளில், சீசர் என்றால் இரண்டு மூன்று நாளில் விடுவார்கள். கட்டிலில் இருந்துகொண்டே இவற்றைச் சரி பாருங்கள்.

பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு கையில் இருக்க வேண்டும். ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. அதில் பிறந்த நேரம், நிறை, தலைச் சுற்றளவு, காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்ட திகதி எல்லாம் எழுதியிருக்க வேண்டும். பிசிஜி இடது கையில் போடுவார்கள், வீட்டுக்கு அனுப்புமுன்னே. பிள்ளையின் குதிக்காலில் குத்தித் தைரொயிட் பார்க்க இரத்தம் எடுத்தார்களா என்று கேளுங்கள். உங்கள் டயக்னோசிஸ் கார்டும், அதாவது வார்டில் என்ன நடந்தது என்று எழுதித் தரும் கார்டும், கையில் இருக்க வேண்டும். கடைசியாக, பிறப்பைப் பதிய ஆஸ்பத்திரி தரும் அறிக்கை: எங்கே எடுப்பது, எப்போது தருவார்கள், பதிவாளர் எங்கே இருக்கிறார், எந்த நாள், எத்தனை மணி வரை. இவ்வளவும் கேட்டு ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

பதிவேட்டிலோ அந்த அறிக்கையிலோ பெயரும் நிறையும் பிழையாக இருந்தால் அங்கேயே திருத்துவியுங்கள். எங்கள் பதிவேட்டில் என் பெயரின் கடைசி எழுத்தைக் காணவில்லை. வார்டில் அரை நிமிஷத்தில் திருத்தினார்கள்.

9. பதிவு: 42 என்பது உண்மையில் 11

பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் அது காலங்கடந்த பதிவு. வேறு படிவம், சத்தியக் கூற்று, பிரதேச செயலகம் என்று நீளும். 42 நாள் தாராளம் என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. துடக்கு 31 நாள், அது கழிந்து பெயர் வைத்துப் பதியலாம் என்று அம்மா சொன்னா, நாங்களும் தலையாட்டினோம். 31 போனால் மிச்சம் 11. அதில் சனி ஞாயிறு நான்கு, போயா ஒன்று, இவருக்கு ஒபிஸில் லீவு கிடைக்காத நாள் மூன்று. எண்ணிப் பாருங்கள்.

பெயரை வீட்டுக்குள்ளே முடிவு செய்துவிட்டு, முதல் இரண்டு கிழமைக்குள் பதிந்துவிடுங்கள். முப்பத்தொன்றை அதன் பாட்டில் கொண்டாடலாம். பிள்ளையின் காதில் அன்றைக்குத்தான் பெயர் சொன்னோம், பத்திரத்தில் முன்னமே ஏறிவிட்டது என்றால் எந்தச் சாமியும் கோபிக்காது. தாய் வெளியே போகத் தேவையில்லை, தகப்பன் போய்த் தகவல் கொடுத்துக் கையெழுத்து வைத்தால் போதும்.

பதிவது நீங்கள் குடியிருக்கும் பிரிவில் இல்லை, பிள்ளை பிறந்த பிரிவில். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு பொரளையில் பெற்றால் பொரளைதான். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் பதிவாளர் அங்கேயே இருப்பார். தனியாரில் பெற்றால் அந்தப் பகுதிப் பதிவாளர்.

கையெழுத்துக்கு முன், எழுதியதை ஒவ்வொரு கூடாக, விரல் வைத்து வாசியுங்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். கையெழுத்து வைத்த பிறகு ஒரு கொம்பைத் திருத்தவும் தனி விண்ணப்பம், சான்றுகள், மாதக்கணக்கு. இவர் அப்படி வாசித்தபோது மாமாவின் பிறந்த வருஷத்தில் 1947 என்பது 1974 ஆகியிருந்தது. அப்பப்பாவும் அப்பாவும் ஏறக்குறைய ஒரே வயது! எழுதியவரே பார்த்துச் சிரித்துவிட்டு மாற்றினாராம்.

பத்திரத்தில் இரண்டு மூன்று பிரதிகள் எடுத்து வையுங்கள். சிறு கட்டணம்தான். வெளிநாட்டு விசாவுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும் என்றால், மொழிபெயர்ப்பாளரிடம் உங்கள் வெள்ளைத் தாளையும் கொடுங்கள்.

10. முதல் ஆறு கிழமை

வீட்டுக்கு வந்த அன்றைக்கே மிட்வைஃப் மிஸ்ஸுக்குக் கோல் எடுங்கள். முதல் பத்து நாளில் இரண்டு தரம் வீட்டுக்கு வருவா. பிள்ளையையும் உங்கள் தையலையும் மார்பையும் பார்ப்பா. காசு இல்லை.

எங்கள் மிஸ் வந்தது ஐந்தாம் நாள். அம்மா பிள்ளையை யன்னல் பக்கம், காலை வெயில் என்று அவ நம்பிய ஒரு வெளிச்சத்தில் கிடத்தியிருந்தா. எங்கள் யன்னலுக்கும் பக்கத்து பிளட்ஸ் சுவருக்கும் இடையில் நான்கடி. அங்கே வெயில் எங்கே வரும்? மிஸ் வந்து, கையைக் கழுவி, பிள்ளையின் மூக்கு நுனியை ஒரு விரலால் அழுத்தி எடுத்தா. பிறகு நெஞ்சில், வயிற்றில், தொடையில், உள்ளங்காலில். அழுத்திய ஒவ்வொரு இடமும் ஒரு கணம் வெளுத்து, பிறகு மஞ்சளாய்த் தெரிந்தது. "அம்மாவின் இரத்தம் ஓ-வா?" என்று கேட்டா. ஓம், ஓ பொசிட்டிவ். பிள்ளை பி. தாய் ஓ-வாகவும் பிள்ளை ஏ அல்லது பி-யாகவும் இருந்தால் மஞ்சள் கூடலாமாம். "இப்பவே போங்க, பின்னேரம் வேண்டாம்" என்றா. மஞ்சளை உண்டாக்கும் பிலிருபின் இரத்தத்தில் கூடியிருந்தது. இரண்டு நாள் நீல வெளிச்சத்துக்குக் கீழே கண்ணைக் கட்டி வைத்திருந்தார்கள். யன்னல் வெயில் அதற்கு மருந்தில்லை. மஞ்சள் காலுக்கு இறங்கினால், பிள்ளை பாலுக்கு எழும்பாமல் தூங்கிக்கொண்டே இருந்தால், காய்ச்சல் என்றால், பெற்ற ஆஸ்பத்திரிக்கோ பொரளை லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ நேரே போங்கள். பதிவேட்டை மறக்க வேண்டாம்.

பத்தியத்தில் எனக்குப் பாதி சம்மதம். அம்மா அரைத்த சரக்குக் குழம்பும் பால்சுறா வறையும் இன்றைக்கும் நாக்கில் நிற்கிறது. வெள்ளவத்தை மார்க்கட்டில் சுறா கிடைக்கும், விடியப் போனால். ஆனால் 'தண்ணி குடிச்சா வயிறு வைக்கும்' என்று தண்ணீரைக் குறைப்பதை மட்டும் கேட்காதீர்கள். மலச்சிக்கலில் தையலோடு நான் பட்டபாடு போதும்.

பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். சீனித் தண்ணி, கொத்தமல்லித் தண்ணி, நாக்கில் தேன், ஒன்றும் வேண்டாம். தொப்புளில் ஒன்றும் பூச வேண்டாம், காய்ந்து தானாக விழும். இதை மருமகள் சொன்னால் சண்டை, மிஸ் சொன்னால் அப்பம்மா கேட்பா. ஆகவே மிஸ் வரும் நேரத்தில் அப்பம்மாவையும் பக்கத்தில் இருத்துங்கள். மார்பு கட்டி, காம்பு வெடித்து அழுகை வந்தால் மகளிர் ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பாலூட்டலுக்கு என்றே ஒரு நிலையம் இருக்கிறது. நான் பால்மா டின் வாங்க ஆளை அனுப்பிவிட்டு, கடைசி நேரத்தில் அங்கே போனேன். பிள்ளை மார்பைச் சரியாகக் கவ்வாததுதான் பிரச்சினை. அங்கே இருந்த நர்ஸ் பிள்ளையின் தலையை ஒரு அங்குலம் திருப்பி வைத்தா. டின் இன்றைக்கும் உடைக்காமல் குசினித் தட்டில் இருக்கிறது.

எல்லோரும் பிள்ளையைப் பார்க்க வருவார்கள், ஒருவரும் உங்களைப் பார்க்க மாட்டார்கள். இரண்டு கிழமைக்கு மேலும் காரணம் இல்லாமல் அழுகை வந்தால், பிள்ளையைத் தூக்கவே பிடிக்காமல் போனால், மிஸ்ஸிடம் அதையும் சொல்லுங்கள். அதைக் கேட்பதும் அவவின் வேலைதான்.

அடுத்த ஊசி இரண்டு மாதம் முடிய, கிளினிக்கில். ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட்டும், போலியோச் சொட்டும், போலியோ ஊசியும். காலையில் போங்கள், பதிவேட்டோடு. அன்றைக்குப் பிள்ளைக்குத் தொடை திறக்க வசதியான சட்டை போடுங்கள்.